வட்டம் போட்ட ஏ

என் மாமாவிடம் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிவிட முடியாது. எங்கே நன்றாக இருக்கிறது, எவ்வளவு நன்றாக இருக்கிறது, யாருக்கு நன்றாக இருக்கும் என்று மூன்று கேள்வி வரும். பிரியாணிக்கும் அதுதான், புதுச் சட்டைக்கும் அதுதான். அவர் என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் பார்த்து, ஃபஸ்ட்டா செகண்டா தேர்டா ரிஜக்ஷனா என்று பிரிப்பது அவர் உத்தியோகம். எட்டு மணி நேரம் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தால் மனிதன் வீட்டுக்கு வந்து வேறு என்ன செய்வான் என்று அப்பா கேட்பார்.

வீட்டுக்கு வந்து மாமா குறை கண்டுபிடித்தது ஜப்பான்காரர்களின் அனிமேத் தொடர்களில். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொம்மைப் படம். அந்தப் பெயரைக் கேட்டாலே மாமாவின் முகம் சிவந்துவிடும். பொம்மைப் படம் என்பது சின்னப் பிள்ளைகள் சோறு தின்பதற்காகப் போட்டுக் காட்டுவது, இது வேறு என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் சோறு தின்றேன் என்பதால் அவருடைய வாதம் எடுபடவில்லை.

பார்த்த தொடரையெல்லாம் கம்பெனியில் கொடுத்த டைரியில் எழுதி வைப்பார். பெயர், எத்தனை எபிசோட், என்ன தரம். பக்கத்தில் ஒரு வரியில் காரணம். 'முதுகு கெட்டி, நடுவில் வயிறு தொளதொள, செகண்டு' என்று ஒன்றுக்கு எழுதியிருந்தார். தோலில் வயிற்றுப் பக்கம்தான் தளர்ந்திருக்குமாம், தொடர்களும் பாதி வழியில்தான் தளருமாம். மூன்று எபிசோட் பார்க்காமல் எதைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது, மூன்று பார்த்தும் பிடிக்காததை நான்காவது பார்ப்பவன் மடையன் என்பது அவர் சட்டம்.

தரம் பிரிப்பது பாதி வேலைதான் என்பார். எந்தச் சரக்கை, அவர் பாஷையில் மால், எந்தப் பார்ட்டிக்குக் காட்டுவது என்பதுதான் மீதி. கையுறைக்கு ஆகிற தோல் பூட்சுக்கு ஆகாது. புறா வளர்க்கிற கறிக்கடை பாய்க்கு, பந்தயப் புறாவைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடிப்போகிற ஒருவனைப் பற்றிய தொடரைச் சொன்னார். நான்கு நாள் கழித்து பாய் எங்கள் வாசலில் வந்து நின்று, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, பேஜாராகிவிட்டது, இதேபோல் இன்னொன்று சொல்லு தோஸ்த் என்றார். ஒன்பது மணிக்குமேல் கண் விழிக்க முடியாத அப்பாவுக்கு, ஒரு தாத்தா ரயிலில் போய்க்கொண்டே இருக்கிற தொடர். அப்பா பத்து நிமிடத்தில் குறட்டை விட்டார். மறுநாள் எப்படி என்று கேட்டதற்கு நல்ல தூக்கம் என்றார். மாமா அதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்தார்.

அந்த டைரியில் சில பெயர்களுக்கு எதிரே, சிவப்பு மையில் ஆங்கில எழுத்து ஏ போட்டுச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கும். மாமா வேலைக்குப் போன நேரத்தில் டைரியைப் பார்த்து நானே ஒரு தொடரைத் தேர்ந்துகொள்ள எனக்கு அனுமதி உண்டு. ஒரே ஒரு நிபந்தனை.

"வட்டம் போட்டத மட்டும் தொடாத, பாப்பா. அது உனக்கு இல்ல."

சினிமாவுக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்கு இதற்கு ஒரு அர்த்தம் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் சினிமாவுக்குக் கூட்டிப்போகிற வழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஆம்பூர்தான். அப்பா வேலை செய்த ஷூ கம்பெனியில் முதல் தரத்துக்கு ஏ என்று சீட்டு ஒட்டுவார்கள். முதல் தரம் கப்பலேறிவிடும், உள்ளூருக்குக் கிடைப்பது செகண்ட்ஸ்தான் என்பது எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். நான் பள்ளிக்குப் போட்டுப் போன ஷூவில் இடது காலின் தையல் கோணல். கோணலாக இருந்ததால்தான் அது ஜெர்மனிக்குப் போகாமல் என் காலுக்கு வந்தது. ஆகவே வட்டம் போட்ட ஏ என்றால் ஃபஸ்ட்டுக்கும் மேலே, எக்ஸ்போர்ட் மால், அதனால்தான் எனக்கு இல்லை என்று சுலபமாக விளங்கிவிட்டது. வருத்தம்கூட இல்லை.

மாமாவுக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. பெண் பார்க்கப் போய் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. பொழுதுபோக்கு என்ன என்று அந்தப் பெண்கள் கேட்பார்கள், மாமா சொல்ல ஆரம்பிப்பார். மூன்றாவது இடத்தில் முக்கால் மணி நேரம் சொன்னாராம். பொம்மைப் படம் பார்க்கிற ஆளுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று தரகரிடம் கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காவது இடம் அணைக்கட்டு என்ற ஊரில் அமைந்தது. பெண் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், அவள் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கிளம்புவதற்கு முன் அம்மா மாமாவை நிற்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பழைய படம் பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும், அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது. எங்களிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதுவும் போனால் தன் தம்பி சாமியாராகத்தான் போக வேண்டும் என்றாள்.

அங்கே கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. மாமாவையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். அது முடிந்ததும் பெண் என்னைக் கொய்யா மரம் காட்டுவதாகச் சொல்லிப் பின்பக்கம் கூட்டிப்போனாள். பெரிய பழமாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்துவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"உங்க மாமா பழைய படம் பாப்பேன்றாரு. எந்தப் படம்னு கேட்டா முழிக்கறாரு. நெஜமா இன்னா பாப்பாரு?"

சத்தியம் நினைவில் இருந்தது. ஆனால் மாமாவைப் பொய்யர் என்று அவள் நினைத்துவிடுவாளே என்று ரோஷமாகவும் இருந்தது. சொல்லிவிட்டேன். சரி, அதில் நல்லதாக ஒன்று சொல்லு, நானும் பார்க்கிறேன் என்றாள். இப்போது யோசித்தால் அதுதான் என் வாழ்வில் முதன்முதலாக நான் செய்த சிபாரிசு. கம்பெனிக்கு வெளிநாட்டுப் பார்ட்டி வந்தால் எதை விரித்துக் காட்டுவார்கள்? செகண்ட்ஸையா? டைரியில் வட்டம் போட்ட ஏக்களில் முதலாவதாக இருந்த 'எலும்பு வியாபாரியின் ஏழு மகள்கள்' என்ற பெயரை, அவள் போனில் எழுதிக்கொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மாமா கணக்கில் இதுக்குமேல் தரமே கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் மாமா பேசவே இல்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. எப்படிடா என்றாள். மூக்கு, நிறம், குரல் என்று எங்கெங்கே கத்தி பட்டிருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நல்லா இருக்காங்க என்றார். அவ்வளவுதான். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார், அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டிலிருந்து போன் வந்தது. நடந்தது இதுதான். பெண் தன் போனில் தனியாகப் பார்க்கலாம் என்றிருந்தாள். தலைமையாசிரியர் விடவில்லை. ஒருவன் எதை ரசிக்கிறான் என்று தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடும் என்று சொல்லி, பெரிய டிவியில் போடவைத்து, மனைவி, தம்பி, தம்பி சம்சாரம் எல்லாரையும் பாய் விரித்து உட்காரவைத்திருக்கிறார். நான்காவது நிமிடத்தில் எலும்பு வியாபாரியின் மூத்த மகள் வழிப்போக்கன் ஒருவனின் தலையை ஒரே வெட்டில் சீவுகிறாள். தலை உருண்டுபோய்க் கஞ்சிப் பானையில் விழுகிறது. விழுந்த பிறகும் அது பேசுகிறது.

அப்பா எழுந்து நின்றுகொண்டு போனில் கேட்டுக்கொண்டிருந்தார். தன் மனைவி நேற்றிலிருந்து கஞ்சி, சோறு எதையும் தொடவில்லை, மாப்பிள்ளைக்கு மனசு நல்லபடியாக இருக்கிறதா, எதையாவது மறைக்கிறீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டாராம். கடைசியாக யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார். கல்யாணப் பேச்சில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்கே தெரியும்.

அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். பழைய படம் என்றுதான் சொன்னேன் என்று மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவளோ டைரியை எடுத்துக் கிழிக்கப்போனாள். மாமா தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"விடுக்கா. நமக்கு அது செட் ஆவாது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் மாமா எதையும் பார்க்கவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தியாக இருந்தபோதும் சொல்லாமல் சாப்பிட்டார். நான்தான் காரணம் என்று யாரும் சந்தேகிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கே தப்பு நடந்தது என்பது மட்டும் புரியவில்லை. நல்ல மால்தானே காட்டினேன்?

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவின் போனுக்கு அந்தப் பெண்ணே பேசினாள், உங்கள் தம்பியிடம் கொடுங்கள் என்றாள். மாமா போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் காதில் விழுந்ததெல்லாம் கழுத்து, நரம்பு, கத்தியின் கோணம் என்றிருந்தது. வீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டபோது அவள் மட்டும் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறாள். பிறகு ராத்திரி டூட்டிக்கு நடுவே, மாமாவின் சட்டம் தெரியாமலே, மூன்று எபிசோடை முடித்திருக்கிறாள். வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து ரத்தம் அப்படி அடிக்காது, இதற்குப் போய் இவ்வளவு பெரிய தரம் கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மாமா விடுவாரா, கத்தி பட்ட தோலைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர். அவள் விடுவாளா, தியேட்டரில் நாலு வருஷம் நின்றவள். ஒன்றரை மணி நேரம் போனது. நடுவில் ஒருமுறை அம்மா ஓடிப்போய் சார்ஜர் கொண்டுவந்து செருகினாள். கடைசியில் மாமா, நான் என் காதால் கேட்டேன், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"சரிங்க, நீங்க சொல்றதுதான் கரெக்ட்டு. நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் பாக்கறேன்."

ஊருக்கே சிபாரிசு சொல்லும் மனிதர் இப்படிக் கேட்டார். அவள் சொன்னது ஏழரை மணி சீரியல்.

மறுநாளிலிருந்து ஏழு இருபத்தைந்துக்கெல்லாம் மாமா டிவி முன்னால் ஆஜர். மாமியார் மருமகளின் சாப்பாட்டில் எதையோ கலப்பாள், மருமகள் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பாள், அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். மூன்றாவது எபிசோடோடு எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். நான்காவதையும் பார்த்தார். பத்தாவதையும் பார்த்தார். எட்டு மணிக்குப் போன் வரும், மொட்டை மாடிக்குப் போய் அன்று பார்த்ததை ஒப்பிப்பார். மகள் சொல்லிச் சொல்லித் தலைமையாசிரியர் மனம் மாறிச் சம்மதம் சொல்லியனுப்பினார், தேதியும் குறித்தார்கள். அதற்குப் பிறகும் மாமா பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் தப்பு செய்தால் ஒரே வரியை நூறு தடவை எழுதச் சொல்வார்கள். அணைக்கட்டுக்காரர் தலைமையாசிரியர். கண்ட படத்தையும் பார்த்ததற்காக மாமாவுக்கு இம்போசிஷன் கொடுத்திருக்கிறார், தினமும் சாயங்காலம் மகள் போன் செய்து பரிசோதிக்கிறாள். தப்பு செய்தது நான், தண்டனை மாமாவுக்கு. இரண்டு வாரத்துக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எலும்பு வியாபாரியைச் சொன்னது நான்தான், ஹெட்மாஸ்டரிடம் நானே வந்து ஒத்துக்கொள்கிறேன், நீ இதைப் பார்க்க வேண்டாம் மாமா என்று அழுதேன்.

மாமா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார், வலியை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாத, பாப்பா. நானே பாத்துக்கறேன்" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் எனக்காக எல்லாவற்றையும் தாங்குகிறாரே என்றிருந்தது. பாதியை நானாவது வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்து, நான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் அவரோடு உட்கார்ந்து அந்த சீரியலைப் பார்த்தேன். கல்யாணத்தோடு மாமாவுக்கு விடுதலை என்று நாள் எண்ணினேன். கல்யாணம் முடிந்த மறுநாள் ஏழு இருபத்தைந்துக்குப் புது வேட்டியோடு மாமா வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் அத்தையும் வந்து உட்கார்ந்தாள், மேற்பார்வைக்கு. சொந்த மாப்பிள்ளை என்றுகூட இரக்கமில்லாத அந்தத் தலைமையாசிரியரை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.