பதினெட்டுப் பேரும் பாஸ்

பரளச்சிப் பக்கம் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளியில் நான் பொறுப்புத் தலைமையாசிரியையாக இருந்தேன். கணக்கு டீச்சரும் நான்தான். பத்தாம் வகுப்பில் மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள். பெரிய பள்ளியில் பத்துப் பேர் பெயிலானாலும் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். எங்களுக்கு ஒரு பிள்ளை தவறினால் போதும், தேர்ச்சி விழுக்காடு ஐந்து சரிந்துவிடும். அந்த ஐந்துக்காக முந்தின வருஷம் கல்வி அதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை நிறுத்துவது போல! பஸ்ஸில் ஊர் திரும்புகிற வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன். இனிமேல் எவர் முன்னாலும் அப்படி நிற்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

மறு வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை விரித்தேன். கணக்கில் இரண்டு பேர் தேறுவது சந்தேகம். ஒரு பையன் ஒன்பது மார்க், ஒரு பெண் பதினொன்று. பையனின் அப்பா ஊரில் செல்வாக்கானவர், அவரிடம் பேசினால் வம்பு. பெண்ணுக்கு அம்மா மட்டும்தான். மிளகாய் பறிக்கப் போகிறவள். நான் ஆளைப் பார்த்துத்தான் பேசினேன், அதை மறைப்பானேன்?

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிள்ளை டீசி வாங்கிக்கொண்டு போய்விட்டால், அது பள்ளியின் விழுக்காட்டில் சேராது. ஆசிரியர்களுக்குத் தெரிந்த வழிதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"பிள்ளை பெயிலாயிட்டா அவமானம்மா. இப்ப டீசிய வாங்கிக்க, அடுத்த வருஷம் தனியா எழுதிக்கிடலாம்" என்றேன்.

"நீங்க படிச்சவுக டீச்சர். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். "டீச்சர், நான் முப்பத்தஞ்சு எடுத்துருவேன் டீச்சர். கிராப்பும் ஜாமெட்ரியும் எனக்கு நல்லா வரும். அதுலயே பதினாறு வந்துரும்ல" என்றாள்.

தேறாத பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற வழியே அதுதான். "நீ சும்மா இரு, பெரியவுக பேசுறோம்ல" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது என் மனசு இளகியிருக்குமோ என்னவோ.

அந்த வருஷம் கணக்குத் தாள் லேசாக வந்தது. ஒன்பது மார்க் பையனை கிராப்பும் ஜாமெட்ரியும் கரையேற்றிவிட்டன. பதினெட்டுப் பேரும் பாஸ். ஆய்வுக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். நூல் மில்லுக்குப் போகிற வேனுக்காக, கழுத்தில் மில் அட்டையோடு நின்றிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் ஓடி வந்துவிட்டாள்.

"டீச்சர், நம்ம ஸ்கூலு செண்டமாம்ல! வேன்ல வார எல்லாத்துக்கும் முட்டாயி குடுத்தேன் டீச்சர்!"

நம்ம ஸ்கூலாம். "தனியா எழுதுறியாத்தா? லீவு நாள்ல வீட்டுக்கு வா, நானே உக்காந்து சொல்லித் தாரேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "வேணாம் டீச்சர், எனக்கெங்குட்டுக் கணக்கு வரப் போகுது? நான் எழுதியிருந்தா செண்டம் கெட்டுப் போயிருக்கும்ல. நல்லவேளை, நீங்க முன்கூட்டியே பாத்துட்டீக."

உன்னைவிடக் குறைச்சலாக வாங்கியவனே பாஸாகிவிட்டான், நீயும் தேறியிருப்பாய் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். வேன் வந்து நின்றது. "வாரேன் டீச்சர்" என்று ஏறிக்கொண்டாள்.