திராட்சையை மிதிக்கும் முன்

1. குடிக்காதவன் வந்தான்

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு என் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்து, "டேஸ்ட் பண்ணிச் சொல்லு" என்றார் டெட். ஒயின் எஸ்டேட்டின் மேனேஜர். ஆறரை அடி உயரம். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் பயத்தில் இருக்கும்போது எனக்கு எல்லாமே ஈரோட்டுத் தமிழாகத்தான் காதில் விழும். அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

"நான் குடிக்கறதில்லை சார்."

"என்னப்பா, ஒயின் தோட்டத்துக்கு வேலைக்கு வந்துபோட்டு குடிக்கமாட்டேங்கற?"

"கம்ப்யூட்டரைப் பார்த்துக்கத்தானே கூப்பிட்டீங்க. அதுவும் குடிக்காது."

நல்லவேளை, சிரித்துவிட்டார். கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் ஊரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த கிளாஸை கண்ணை மூடிக்கொண்டு குடித்திருப்பேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சான் ரமோனில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து எஸ்டேட்டுக்கு இருபத்தைந்து நிமிட டிரைவ். மெயிலிங் லிஸ்டைப் பார்த்துக்கொள்வதும் வருஷத்துக்கு நாலு நியூஸ்லெட்டர் போடுவதும்தான் என் வேலை. வசந்தத்தில் கொடி துளிர் விட்ட செய்தி. கோடையில் புல்தரையில் பாட்டுக் கச்சேரி, பிக்னிக். செப்டம்பரில் அறுவடை. குளிர்காலத்தில் கொடி வெட்டுவதும், குழந்தைகளுக்குக் கணப்புப் பக்கத்தில் ஹாட் சாக்லேட்டும். ஒயினைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் டெட் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு சொல்வார், நான் டைப் அடிப்பேன். "பழைய தோல் வாசனை வருது, எழுதிக்கோ" என்பார். செருப்புக் கடை வாசனையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுவேன். வாங்கினார்கள்.

ஊரில் "திராட்சைத் தோட்டத்துல கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லியிருந்தோம். மாமியார் போனில், "திராட்சைக்கு எதுக்கு மாப்ளே கம்ப்யூட்டர்?" என்று கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

2. நூறு ஜோடிக் கால்கள்

இரண்டாவது வருஷம் ஆகஸ்டில் டெட் கூப்பிட்டார். எஸ்டேட் முதலாளிகளுக்கு இந்தக் குழந்தை குட்டி சமாசாரமெல்லாம் போதும் என்று தோன்றிவிட்டதாம். வாரக்கடைசியில் புல்தரையைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறார்களாம்.

"நான் ஒரு சான்ஸ் கேட்டிருக்கேன். அறுவடை ஃபேமிலி டேக்கு, அந்தக் காலத்துல ஒயினுக்கு மிதிச்ச மாதிரி, நூறு குழந்தைங்க தொட்டியில இறங்கித் திராட்சை மிதிக்கணும். இறங்கினா எல்லா ப்ரோக்ராமும் தொடரும், உன் வேலை பெர்மனன்ட். இல்லைன்னா நியூஸ்லெட்டரும் கிடையாது, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நீயும் கிடையாது."

பயம் வந்தால் எனக்கு இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். இன்னொன்று, வாய் என்னைக் கேட்காமல் பேசும்.

"நூறு என்ன டெட், நூத்தைம்பது வரும்" என்றது வாய்.

நியூஸ்லெட்டர் போய் மூன்று வாரத்தில், வருகிறோம் என்று சொன்ன குழந்தைகள் நாற்பது. ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி கீதாவிடம் சொன்னேன்.

"மிச்சம் அறுபதுக்கு எங்கே போவீங்க?"

"நாமே பெத்துக்கலாம்னா டைம் இல்லை."

"ஜோக்கெல்லாம் இருக்கட்டும். சாரதா ஆன்ட்டியைக் கேளுங்க."

சாரதா ஆன்ட்டி எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துபவர். என் வயசுக்கு அக்கா என்றுதான் கூப்பிடணும். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே ஆன்ட்டி ஆகிவிட்டார். அவர் ஒரு இடத்துக்குப் போனால் பின்னாலேயே பதினாலு மினிவேன் போகும். அவர் கிளம்பினால் பதினாலும் கிளம்பும்.

அவருக்காகவே தமிழில் தனி நோட்டீஸ் அடித்தேன். "திராட்சை அறுவடைத் திருநாள். வண்டிச் சவாரி, இலவச ஜூஸ், குழந்தைகளுக்கு விளையாட்டு." ஒயின் என்ற வார்த்தையே வராமல் பார்த்துக்கொண்டேன். விளையாட்டு என்ன என்றும் போடவில்லை. அதை மட்டும் வேண்டுமென்று விடவில்லை, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அப்போது உறைக்கவேயில்லை.

ஆன்ட்டி படித்துவிட்டு, "எல்லாரும் வரோம் சுந்தர். புளியோதரை நான் எடுத்துண்டு வந்துடறேன்" என்றார். அன்று என்னைவிடச் சந்தோஷமான மனுஷன் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க முடியாது.

3. மகள் மிதித்த காகிதம்

ஃபேமிலி டே காலை. காரில் ஏற்ற மீதி நியூஸ்லெட்டர் கட்டை ஹாலில் வைத்திருந்தேன். என் மகள் நித்யாவுக்கு எட்டு வயது. ஓடி வந்தவள் அதை மிதித்துவிட்டாள். உடனே குனிந்து, கட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "சாரி பேப்பர்!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். காகிதத்தில் கால் பட்டதற்கே இது. இன்றைக்கு அறுபது பிள்ளைகளை, அவர்களைப் பெற்றவர்கள் கண்ணெதிரே, சாப்பிடும் பழத்தின் மேல் ஏறிக் குதிக்கச் சொல்லப் போகிறேன். அதுவும் சாரதா ஆன்ட்டி முன்னால்.

"கீதா, ஆன்ட்டி கோவிச்சுப்பாங்களா?"

"எதுக்கு?"

சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நோட்டீஸ்ல இதைப் போடலையா நீங்க?"

எஸ்டேட் போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு சிக்னலிலும் லேஸை அவிழ்த்துக் கட்டினேன்.

4. முப்பத்தெட்டில் நின்ற கவுண்டர்

மூன்று அரைப் பீப்பாய்கள், நிறையச் சிவப்புத் திராட்சை. பக்கத்தில் டெட், கையில் தலை எண்ணும் ஒரு கவுண்டர். ஒரு குழந்தை இறங்கினால் ஒரு கிளிக். பதினாலு மினிவேனும் வந்து சேர்ந்தபோது கவுண்டரில் முப்பத்தெட்டு.

நம் பிள்ளைகள் பார்த்ததும் "ஓ மை காட், கேன் வீ ஜம்ப் இன்?" என்று ஓடினார்கள். "நில்லுங்கோ!" என்று சாரதா ஆன்ட்டியின் குரல். அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். டெட்கூட நின்றுவிட்டார்.

"சுந்தர், இங்க வாங்கோ. இது என்ன?"

"திராட்சை, ஆன்ட்டி."

"அது தெரியறது. அந்தக் கொழந்தை அது மேல நிக்கறதே, அது என்ன?"

"இந்த ஊர்ல பழைய வழக்கம்..."

"போன வாரம்தான் கிளாஸ்ல சொன்னேன், சாப்பாட்டு மேல கால் படக்கூடாதுன்னு. இன்னிக்கு நானே ஏறி மிதிங்கோன்னு சொன்னா, அடுத்த சனிக்கிழமை இதுங்க என்னை மதிக்குமா?"

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, "வண்டியை எடுக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டார். சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. வேலை போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். மறுபடி மில்பிடாஸ், மறுபடி ரெஸ்யூமே, மறுபடி மாமியாரின் போன்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். குனிந்து லேஸைக் கட்டினேன். நிமிர்ந்து ஒரு அடி பின்னால் வைத்ததும் காலடியில் ஏதோ நசுங்கியது. புல்லில் விழுந்து கிடந்த ஒரு திராட்சைக் கொத்து. யோசிக்கவேயில்லை. கை தானாகப் போய் அதைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

டெட் பார்த்துவிட்டார். "என்னப்பா பண்ற?"

"சாரி கேட்டேன்."

"யாருகிட்ட?"

"திராட்சைகிட்ட."

டெட் என்னைப் பார்த்தார், திராட்சையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். தாடையைச் சொறிந்துகொண்டார்.

"மிதிச்சதுக்கப்புறம் கேக்கறதை மிதிக்கறதுக்கு முன்னாடியே கேட்டா ஆகாதா?"

இத்தனை வருஷம் நானே கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஆன்ட்டியிடம் ஓடி, அப்படியே சொன்னேன்.

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "மிதிச்ச பழம் எங்க போகும்? ஒயினுக்கா?"

"இல்லை ஆன்ட்டி, ஒயினுக்கு மிஷின் இருக்கு. இது பூரா அந்தக் கொடிகளுக்கே உரமாப் போயிடும்."

"அப்போ மண்ணுக்குப் போறது." கொஞ்சம் யோசித்தார். "என் பொண்ணு டான்ஸ் ஆடறதுக்கு முன்னாடி பூமியைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானே மிதிக்கறா. சரிதான். ஆனா இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்திருப்பேனே. நோட்டீஸ்ல ஏன் போடலை?"

"ஒயின்னு தெரிஞ்சாலே வரமாட்டீங்கன்னு பயந்து எல்லாத்தையும் பொத்திப் பொத்தி எழுதினேன் ஆன்ட்டி. இது அதோட விட்டுப்போச்சு."

"கேட்ல பஸ் சைசுக்குப் போர்டு வெச்சிருக்கா சுந்தர். எனக்குக் கண்ணு நன்னாவே தெரியறது." அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "முதல்ல சுந்தர் அங்கிள் பண்ணிக் காட்டுவார். எல்லாரும் ஷூவைக் கழட்டுங்கோ!"

5. கடைசி ஆள்

காலையிலிருந்து கட்டிக் கட்டி என் லேஸ் முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. பதினாலு குடும்பம் வெறுங்காலோடு காத்திருக்க, நான் ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டிருந்தேன். டெட் இடுப்பிலிருந்து கொடி வெட்டும் கத்தரியை எடுத்து இரண்டு லேஸையும் வெட்டிவிட்டார்.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். பழம் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டாவது அடியில் வழுக்கி, உட்கார்ந்தேவிட்டேன். அதைவிடச் சிறந்த விளம்பரம் எந்த நியூஸ்லெட்டரிலும் நான் எழுதியதில்லை. பிள்ளைகள் வரிசை கட்டி, தொட்டு, ஒற்றி, குதித்தார்கள். புல்தரை ஓரம் கோயில் வாசல் மாதிரி செருப்பும் ஷூவும். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வரிசையில் வந்து அதே மாதிரி செய்தார்கள். கடைசியில் சாரதா ஆன்ட்டியே சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் மிதித்தார். "முட்டி வலிக்கு நன்னா இருக்கே இது!"

கவுண்டர் நூற்றொன்றில் நின்றது. அதில் ஒன்று நான், ஒன்று ஆன்ட்டி. கழித்தால் தொண்ணூற்றொன்பதுதான். டெட்டிடம் மெதுவாகச் சொன்னேன். "நீ உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்தா உன்னைக் குழந்தைன்னுதான் சொல்லுவாங்க" என்றார். வேலை பெர்மனன்ட் ஆனது. இன்றும் அதே எஸ்டேட்டில்தான் இருக்கிறேன். இன்றும் குடிப்பதில்லை.

ஒரு பையனை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ஆறு வயது இருக்கும், தங்க நிற முடி. வரிசையில் தொட மறந்துவிட்டான். மிதித்து முடித்து இறங்கியபின் ஞாபகம் வந்து, சாறு சொட்டும் கையை இரண்டு கண்ணிலும் நன்றாக ஒற்றிக்கொண்டு, தோட்டமே அதிர அழுதான். அவன் அம்மாவோடு சேர்ந்து குழாயடியில் கண் கழுவிவிட்டது நான்தான்.

அடுத்த வருஷ அறுவடை நியூஸ்லெட்டரில், நிகழ்ச்சி நிரலுக்குக் கீழே, கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். இங்கிலீஷிலும் தமிழிலும். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் வருகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் நான் சொல்ல ஆசைப்படுவது அந்த ஒரு வரிதான். நீங்கள் அழைக்கிறவர்களிடம் எதையாவது மறைக்கலாமா என்று தோன்றும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்:

"மன்னிப்பை மிதிக்கும் முன்பே கேட்டுவிடவும். மிதித்த பிறகு கேட்டால் கண் எரியும்."