இது டக் கிளீனிங் அழைப்பு அல்ல

அனோஜாவுக்குப் பனிக்காலத்தில் கார் ஓட்டப் பயம். அதனால்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன். கனடாவில், ஸ்காபரோவிலுள்ள ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். அவர் அங்கே சாப்ளின். அது பாதிரியார் வேலையல்ல. காலையில் ஒலிபெருக்கியில் செபம் சொல்வது, பூசைக்கு ஒழுங்கு செய்வது, மனம் உடைந்து நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது, இவைதான் அவருடைய வேலை. பெற்றோரில் பாதிப்பேர் அவரை 'சிஸ்ரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கணவனும் இரண்டு பிள்ளைகளும் உள்ள சிஸ்ரர். அவரும் அதைத் திருத்தப் போனதில்லை.

சின்ன வயதில் மன்னாரிலிருந்து வந்தவர். பேசத் தொடங்கினால் நெடுஞ்சாலை வேகம். ஆனால் பிள்ளைகளிடம் மட்டும் எதையும் கேட்கமாட்டார். அவருடைய அறைக்குள் யார் வந்தாலும் 'என்ன பிரச்சினை' என்ற கேள்வி கிடையாது. அதற்காகச் சும்மா உட்காரவும் முடியாது. வீடற்றவர்களின் தங்குமிடத்துக்கு அனுப்புவதற்கு சாண்ட்விச் செய்ய வேண்டும். கண் பாணில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பது அவருடைய கணக்கு. மாஜரின் பூசிக் கவலை தீருமென்றால் சாண்ட்விச் கடைக்காரர் எல்லாரும் ஞானிகளாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் நான் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு என் கையிலும் ஒரு கத்தியைத் தந்துவிட்டுப் போவார்.

போன மாசியில் கஜனி பாடசாலைக்கு வருவதை நிறுத்தினாள். பன்னிரண்டாம் வகுப்பு, பதினேழு வயது, என் கணித வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை. சமய பாடத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று பேச வேண்டிய ஒரு நாள் அவளுக்குக் குரல் நடுங்கியது. பிறகு கையும் நடுங்கியது. பேச்சைப் பாதியில் விட்டு வெளியே ஓடினாள். எவனோ அதைப் போனில் வீடியோவாகப் படம் பிடித்திருந்தான். மத்தியானத்துக்குள் அந்த நடுக்கம் பாடசாலையிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் போய்விட்டது. படம் பிடித்தவனைத் துணை அதிபர் இடைநிறுத்தினார். ஆனால் கஜனி வரவில்லை.

வராத பிள்ளையின் வீட்டுக்குப் பாடசாலையின் கணினி தானாகவே அழைப்பு எடுக்கும். ஒரு பதிவுக் குரல் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லும். கஜனி வீட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. அலுவலகத்திலிருந்து ஆட்கள் எடுத்தாலும் மணி அடிக்காமல் வெட்டுப்பட்டது. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இன்னுமொரு கிழமை இப்படியே போனால் அவள் பெயர் பதிவிலிருந்து எடுபடும். அந்த வருடப் படிப்பு போகும், பல்கலைக்கழகமும் போகும்.

"அண்ணை, பின்னேரம் ஃப்ரீயோ?" என்று அனோஜா கேட்டார்.

வோபர்னில் கஜனி குடும்பம் இருக்கிற மாடிக் கட்டடம். கீழே நின்று இன்டர்கொம்மை அமத்தினோம். ஒரு பெண் குரல் "ஆர்?" என்றது.

"வணக்கம் அக்கா, நான் கத்தோலிக்க..."

"நாங்கள் சைவம். உதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்."

இணைப்பு போய்விட்டது. திருப்பி அமத்தினோம், பதிலில்லை. கதவு கதவாகத் தட்டிச் சபைக்கு ஆள் சேர்க்கிறவர்களில் ஒருத்தி என்று கஜனியின் தாய் நினைத்துவிட்டார். பனிக்குள் நின்று எனக்குக் காது விறைத்தது. வந்த எரிச்சலில், "பெயரைச் சொல்ல முந்தி சமயத்தை ஏன் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தின்ர பேரே அப்பிடித்தானே அண்ணை தொடங்குது" என்றார். திரும்பிக் காருக்கு நடக்கும்போது சொன்னார்: "அவை வெள்ளிக்கிழமையில றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டைப் போறவையாம். கஜனியின்ர சிநேகிதி ஜெசிகா சொன்னவள்."

"அதுக்கு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அது வேண்டாத வேலை என்று நான் வாதாடினேன். ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் சாப்ளின் பெற்றோரைக் கோயிலில் போய்ப் பிடிப்பதா? யாராவது முறையிட்டால் அவருடைய வேலைதான் போகும். அனோஜா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் பின்னேரம் நான் அவரை ஏற்றிக்கொண்டு பேவியூ வீதியில் வடக்கே கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். அனோஜா கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியை ஒளிக்கவில்லை. எல்லாரும் கும்பிட்டபோது மரியாதையாகக் கைகட்டி நின்றார். பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததுமே, "மாஸ்டர், நீங்களும் கோயிலுக்கு வாறனீங்களோ?" என்று ஒரு குரல் கேட்டது. கஜனியின் தாய் தவமணி. எங்கள் சனம் யாரை மறந்தாலும் பிள்ளையின் கணித மாஸ்டரை மறக்காது. பக்கத்தில் தகப்பன் ஸ்ரீதரன் புளிச்சாதத் தட்டோடு இருந்தார். அனோஜாவை அவர்களுக்கு அறிமுகம் செய்தேன். தவமணிக்கு இன்டர்கொம் குரல் பிடிபட்டிருக்க வேண்டும், சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

அனோஜா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கஜனி சுகமா இருக்கிறாளோ அக்கா? அவளைக் காணாமல் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ஏன் காணாமல்? விடிய வெளிக்கிட்டுப் பள்ளிக்கூடம்தானே வாறாள்."

"இல்லை அக்கா. ரெண்டு கிழமையா வரேல்லை."

தவமணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு காலையும் சீருடை போட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தப் பிள்ளை வெளியே போயிருக்கிறாள். நாள் முழுக்க எங்கே இருந்தாள் என்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

"பொய்" என்றார் ஸ்ரீதரன். "அப்பிடியெண்டால் ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஒவ்வொரு நாளும் கோல் எடுத்தனாங்கள் அண்ணை. உங்கட போனை ஒருக்கால் பாக்கலாமோ?"

அவர் போனை எடுத்துத் தந்தார். தடை செய்த எண்களின் வரிசையில் எங்கள் பாடசாலையின் எண் நடுநாயகமாக இருந்தது. ஸ்ரீதரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டக் கிளீனிங்காரர் எண்டு நினைச்சன்" என்றார் மெதுவாக.

கனடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டின் காற்றுக் குழாய்களைத் துப்பரவாக்கித் தருகிறோம் என்று கணக்கில்லாத அழைப்புகள் வரும். ஸ்ரீதரன் இருப்பதோ மாடிக் குடியிருப்பு, அங்கே அவர் துப்பரவாக்க ஒரு குழாயும் இல்லை. ஆங்கிலத்தில் பதிவுக் குரல் கேட்டால் வெட்டி, எண்ணையும் தடுத்துவிடுவார். ஒஷாவாவில் அவர் வேலை செய்கிற பண்டகசாலையில் தமிழர் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம்.

பெற்றோர் சரியாகக் கவனிக்காத பிள்ளைகளை இங்கே அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் பிறகு அவருக்கு வந்தது. "பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போறவைக்குச் சொல்லிப் போடுவியளோ?"

"ஏன் சொல்ல வேணும்? நீங்கள் ஒரு நம்பரைத்தானே வெட்டினீங்கள், பிள்ளையை இல்லையே." அனோஜா தவமணியின் கையைப் பிடித்தார். "ஒண்டு மட்டும் கேக்கிறன். வீட்டை போய் ஏசாதேங்கோ. எங்கை போனனீ எண்டும் கேளாதேங்கோ. திங்கட்கிழமை பக்கத்துக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வகுப்புக்கு இல்லை, என்ர அறைக்கு."

ஸ்ரீதரன் ஏசாமல் இருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஜிம்முக்குப் பக்கத்திலுள்ள கதவுக்கு முன்னால் அவருடைய கார் நின்றது. கஜனி இறங்கவில்லை. அனோஜா தட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை. ஒரு பாண் பையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அடித்த குளிரில் ஜிம் ஆசிரியர் முணுமுணுத்தார். கடைசியில் காரின் கதவு திறந்தது. பதிவில் அவள் பெயர் தப்பியது.

பங்குனி முழுக்க அவள் அந்த அறையில்தான் இருந்தாள். பாடங்களை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். பகலெல்லாம் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய் வந்துகொண்டிருந்ததை ஒரு நாள் மாஜரின் பூசிக்கொண்டே அவளாகச் சொன்னாளாம். அதைக் கேட்ட பிறகு நான் சாண்ட்விச் பகிடியை விட்டுவிட்டேன்.

அந்த அறையை விட்டு முதலில் என் வகுப்புக்குத்தான் வந்தாள். முதல் நாளே அனோஜா எனக்குக் கட்டளை போட்டிருந்தார்: "கேள்வி கேக்கக் கூடாது அண்ணை. உத்துப் பாக்கவும் கூடாது. ஆனா அவள் வந்ததை நீங்கள் கண்டுட்டியள் எண்டு அவளுக்குத் தெரிய வேணும்." இருபத்தைந்து வருடம் படிப்பித்தவனுக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சை வந்ததில்லை. கடைசி வரிசையில் போய் இருந்தவளின் மேசையில் பயிற்சித் தாளை வைத்து, ஒரு விரலால் தட்டிவிட்டு நடந்தேன். அடுத்த நாள் அவள் ஒரு வரிசை முன்னே வந்து இருந்தாள்.

இதற்கிடையில் அனோஜா ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் அழைப்புகளைத் தமிழ் வீடுகளில் டக் கிளீனிங் என்று நினைத்து வெட்டுகிறார்கள் என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். துணை அதிபர் சிரிக்கவில்லை. தமிழிலும் ஒரு பதிவு செய்யலாம், நீங்களே வாசியுங்கள் என்றார். அனோஜா அறைக்கு வந்து, தன் வேகத்தில் வாசித்தால் ஒருவருக்கும் விளங்காது என்று புலம்பினார்.

கஜனி பாணிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மிஸ், ஐ கான் டூ இட். நான் வாசிக்கிறன்."

அனோஜா எதையோ தேடுவதுபோல அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

எழுதியதும் கஜனிதான். முதல் வசனத்தைக் கண்டதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதன் கருத்து என்னவென்று துணை அதிபர் கேட்டதற்கு, "அது மரியாதையான ஒரு முன்னுரை" என்றார் அனோஜா. பதிவு செய்தபோது நடுவில் அவளுக்குக் குரல் இலேசாக நடுங்கியது. இன்னொரு முறை வாசிக்கிறாயா என்று கேட்டார்கள். அவள் பதிவைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தாள். "வேண்டாம். இதுதான் நான்" என்றாள். அந்த நடுக்கம் இப்போது எங்கள் பாடசாலையின் தமிழ் வீடுகளுக்கெல்லாம் போகிறது. ஒருத்தரும் வெட்டுவதில்லை.

வைகாசியில் கஜனிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. அந்த இடத்தைப் பார்ப்பதற்காக ஒரு நாள் தாயோடு போனாள். பாடசாலைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றைக்கு வகுப்பெடுத்த பதில் ஆசிரியைக்கு அது தெரியாததால், வரவில்லை என்று பதிந்துவிட்டார். மத்தியானம் நான் அனோஜாவின் அறையில் சீஸ் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அவர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ், நான் ஸ்ரீதரன். வேலையிடத்துப் போனில இருந்து எடுக்கிறன்." பின்னால் கனபேரின் சத்தம் கேட்டது. "என்ர பிள்ளை இண்டைக்குப் பள்ளிக்கூடம் வரேல்லை எண்டு என்ர பிள்ளையே எடுத்துச் சொல்லுறாள்."

"ஐயோ அண்ணை, அது பிழையா வந்த கோல். மன்னிச்சுக் கொள்ளுங்கோ. நான் இப்பவே திருத்தச் சொல்லுறன்."

"திருத்தாதேங்கோ மிஸ். இஞ்சை எல்லாரும் வேலையை விட்டிட்டு வந்து நிக்கினம், இன்னும் கொஞ்சப்பேர் கேக்கேல்லை." அவருடைய சொந்தப் போன் இன்னொரு கையில் இருந்திருக்க வேண்டும், அதிலிருந்து கஜனியின் பதிவுக் குரல் எங்களுக்கும் கேட்டது. வணக்கம், இது டக் கிளீனிங் அழைப்பு அல்ல, தயவுசெய்து வெட்டாதீர்கள். "திருப்பிக் கேக்கிறதுக்கு ஒண்டை அமத்தட்டாம், மிஸ். நான் அமத்திக்கொண்டே நிக்கிறன்."