தப்பான நாற்காலி

என் தம்பியைப் பத்தி யாராவது கேட்டா, "அவனா, ஊருக்குத்தான் உபதேசம்"னு சொல்லிடுவேன். ஆனா அந்த உபதேசத்தால வேலைக்குப் போனவங்க எங்க தெருவிலயே நாலு வீட்ல இருக்காங்க, அதையும் சொல்லணும். மின்விசிறிக் கம்பெனியில வேலைக்கு ஆள் எடுக்கிற மேனேஜர் அவன். வேலை போய் வந்து நிக்கிறவங்களுக்கு முதல்ல சொல்றது இதுதான்: "போச்சுன்னா போச்சுன்னே சொல்லுங்க. மறைச்சா கேக்கிறவனுக்கு மூக்குல வேர்த்துடும்."

அப்படிப்பட்டவனுக்கே வேலை போச்சு. கம்பெனி கை மாறினதும் அவன் பிரிவையே மூடிட்டாங்க. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. ஐம்பது வயசுல ரெண்டு இண்டர்வியூ போனான். ரெண்டு இடத்திலயும், "பழைய வேலையை ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. ஐயா, "ஒரு மாறுதலுக்காக"ன்னாராம்! எவன் நம்புவான்? வெளியூர் ஹாஸ்டல்ல படிக்கிற மகள்கிட்டயும் மூச்சு விடல. அம்மா இல்லாத பொண்ணு பயந்துடும்னு ஒரு சாக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைதான்.

மூணாவது இண்டர்வியூ வந்துச்சு. இதுவும் கை நழுவினா அவ படிப்பை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வர வேண்டியதுதான்.

முந்தின நாள் சாயங்காலம் பேண்டைக் கொண்டு வந்து நீட்டினான். இடுப்புல நிக்கல, அவ்வளவு இளைச்சிருந்தான். ஆனா என் வாய் சும்மா இருக்குமா? தையல் மிஷின்ல உட்கார்ந்தபடியே, "நான்தான் இண்டர்வியூ எடுக்கிறேன். சொல்லுடா, ஏன் வேலையை விட்ட?"ன்னேன்.

"அக்கா, விரலை ஆட்டிக்கிட்டுக் கேட்கக் கூடாது. எதிர்ல இருக்கிறவங்க மிரண்டுடுவாங்க."

"பதிலைச் சொல்லு."

"முதல்ல தண்ணி வேணுமான்னு கேட்கணும்."

"தண்ணியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. 'என்னை அனுப்பிட்டாங்க'ன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

மென்னு முழுங்கினான். கல்லுளிமங்கன் தோத்தான் போங்க. ஆனா கண்ணு கலங்கிடுச்சு. அவன் அழுதா நான் தாங்க மாட்டேன். ஊசியில நூல் கோக்கிற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தான்.

"மானம் போச்சுக்கா. உள்ளே போய் உட்காருங்கன்னாங்க. ரூம்ல யாரும் இல்ல. நான் பாட்டுக்குக் கேள்வி கேக்கிறவங்க நாற்காலியில போய் உட்கார்ந்துட்டேன்."

"அடப்பாவி!"

"அதோட விட்டேனா? அந்த மேனேஜரம்மா உள்ளே வந்ததும், 'வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா'ன்னு வேற கேட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "அப்புறம்?"

"பதறி எழுந்துட்டேன். 'மன்னிச்சுடுங்க மேடம், என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. எனக்குத் தெரியும், இந்தக் காலுக்குத்தான் இன்னும் தெரியல'ன்னேன். தானா வாயில வந்துடுச்சுக்கா. அவங்களும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் அந்தக் கேள்வியே வரல, வேலையைப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசினோம். திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க."

அந்தச் சூட்டோடயே போனை எடுத்து அவன் கையில திணிச்சேன். "மகள்கிட்டயும் சொல்லிடு."

ஸ்பீக்கர்ல போட்டான். "அம்மாடி, அப்பாவை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க"ன்னான்.

"தெரியும்ப்பா"ன்னா அவ. "முன்னெல்லாம் ஒரு நிமிஷம் பேசினதும், 'ஆள் காத்திருக்காங்க, வச்சிடறேன்'பீங்க. இப்பல்லாம் காலையில பத்து மணிக்குக் கூப்பிட்டு, நான் என்ன சாப்பிட்டேன், யார்கூடச் சண்டை போட்டேன்னு நிதானமா கேக்கிறீங்க. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

அவன் போனை என்கிட்ட நீட்டினான். நான் அதை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"அப்பா, இருக்கீங்களா?"ன்னா அவ. "வேலை கிடைச்சப்புறமும் பத்து மணிக்குக் கூப்பிடுவீங்கள்ல?"

"கூப்பிடுவான்டி"ன்னு நான்தான் சொன்னேன்.