பாலத்தின் நடுவே ஒரு பல்லுக்கொழுக்கட்டை

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், சார் என்னும் ஆற்றின் கரையில் இருந்த ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருந்தோம். கடைசி பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் பிரான்ஸ், அங்கே என் தாய்மாமன் வீடு. கொலோன் நகரில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் கோயிலும் தமிழ்க்கடையும் இருக்க, எங்களை மட்டும் இந்த மூலையில் கொண்டுவந்து போட்டார்களே என்று எனக்கு அம்மா அப்பா மேல் தீராத கோபம்.

கொரோனா வந்த வசந்தத்தில் பாலத்தின் நடுவே சிவப்பு வெள்ளைத் தடுப்பு முளைத்தது. எல்லையை மூடும்படி தலைநகரில் முடிவெடுத்தார்களாம். "பெர்லினில இருக்கிறவைக்கு எங்கட பாலம் எங்க கிடக்கெண்டே தெரியாது" என்று அப்பா தொலைக்காட்சியோடு சண்டை பிடித்தார். அதுவரை ஒரே ஊராகப் புழங்கியவர்கள் அன்றுதான் தாங்கள் இரண்டு நாட்டுக்காரர் என்று கண்டுபிடித்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்ததுபோல அந்த வாரமே தம்பிக்கு முதல் பல் முளைத்தது. பல் முளைத்தால் குழந்தையின் தலையில் கொழுக்கட்டை கொட்ட வேண்டும். புத்தகம், பேனா, கண்ணாடி எல்லாம் முன்னால் பரப்பி, எதை எடுக்கிறான், பின்னாளில் என்னவாக வருவான் என்று பார்க்க வேண்டும். சில வீடுகளில் மாமி கொட்டுவார், எங்கள் வீட்டில் தாய்மாமன்தான். தானே கொட்டிவிடுவதாக அப்பா சொல்லிப் பார்த்தார். "அண்ணை இல்லாமல் ஏலாது" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். இரண்டாவது பல்லும் எட்டிப் பார்த்தபோது மாமா தொலைபேசியில் வழி சொன்னார்.

"நீ பிள்ளையைப் பாலத்துக்குக் கொண்டு வா. நான் அவிச்சுக்கொண்டு வாறன்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் பாய் விரித்துத் தம்பியை இருத்தினோம். அந்தப் பக்கம் மாமா, குளிர் ஜாக்கெட்டுக்குக் கீழே பட்டு வேட்டியோடு. தம்பியின் தலைக்கு மேல் அம்மா வெள்ளைத் துணியைப் பிடிக்க, மாமா எட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்தார். குழந்தையை எதனாலோ அடிக்கிறார்கள் என்று பதறி எங்கள் பக்கத்துக் காவல்காரர் ஓடிவந்தார். மாமாவின் கால் இரண்டும் பிரான்ஸில்தான் நிற்கின்றன, கை மட்டும்தான் வந்திருக்கிறது என்று அப்பா ஜெர்மன் மொழியில் வழக்காடினார். தம்பியோ புத்தகத்தையும் பேனாவையும் விட்டுவிட்டுத் தவழ்ந்துபோய்க் காவல்காரரின் சப்பாத்துக் காலைப் பிடித்தான்.

"அப்ப இவன் பொலிஸ்தான்!" என்றார் மாமா. அப்பா மொழிபெயர்த்ததும் காவல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவருக்கு இரண்டு கொழுக்கட்டை கொடுத்தேன்.

சில வாரங்களில் பாலம் திறந்தது. எல்லையோர ஊர்கள் எல்லாம் சேர்ந்து தலைநகரோடு மல்லுக்கட்டிய கதை எனக்கு அப்போது தெரியாது. என் கொழுக்கட்டைதான் திறந்தது என்று பள்ளியில் பெருமையடித்தேன். இப்போதும் இடைக்கிடை அங்கே சோதனை வரும், போகும். வளர்ந்துவிட்ட தம்பி சைக்கிளில் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போவது மட்டும் நிற்கவில்லை.

ஊரை விட்டு ஓடிவந்தபோது அம்மாவை ஜெர்மனியும் மாமாவைப் பிரான்ஸும் அகதியாக ஏற்றன என்பதும், எல்லை தாண்ட அனுமதியில்லாமல் ஆண்டுக்கணக்காக இருவரும் முகம் பார்க்கவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. கையில் அனுமதிப் பத்திரம் கிடைத்ததும் அண்ணனும் தங்கையும் வரைபடத்தில் தேடிப் பிடித்த இடம்தான் எனக்குப் பிடிக்காத அந்த மூலை.

அன்று பாத்திரம் வெறுமையான பிறகும் அம்மா மாமாவின் கையை விடவில்லை. தடுப்புக்கு மேலாக அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொழுக்கட்டை தெருவில் சிந்தியதற்காக அழுகிறார் என்று நினைத்து, நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து அவருக்கு நீட்டினேன்.