ஆராதனைக்கு முன் ஒரு ப்ரிலூட்

எங்கள் சபையில் ப்ரிலூட் என்றால், ஆராதனை தொடங்குவதற்கு முன் ஜனங்கள் வந்து உட்காரும்போது வாசிக்கும் வாத்திய இசை. அதை யாரும் கேட்பதில்லை. ரேஷனில் பாமாயில் வந்ததா, ஆவடி வண்டி ஏன் தாமதம், யார் வீட்டுப் பெண்ணை யார் பார்க்க வந்தார்கள், எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் பேசி முடிப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் தங்கள் பியானோவை எங்கள் திருமுல்லைவாயில் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வாசிக்க ஆள் இல்லை. விற்றுவிட்டு எலெக்ட்ரானிக் கீபோர்டு வாங்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஏழெட்டு வருஷம் பியானோ கற்றவள் நான். இங்கே வந்தபின் என் விரல்கள் தொட்டதெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்ரைட்டரும் வீட்டில் அம்மிக்கல்லும்தான். சபைச் செயலாளரிடம் போய், "ஒரு ஞாயிறு எனக்குக் கொடுங்க சார், சரியில்லைன்னா வித்துடுங்க" என்றேன். அவர் ஆவடியில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தச் சாமானும் சும்மா கிடப்பது அவருக்குப் பிடிக்காது.

பியானோ பெஞ்சுக்குள் ஒரு புத்தகம் இருந்தது. அட்டையில் ப்ரிலூட்ஸ் என்று போட்டிருந்தது. எழுதியவர் யாரோ போலந்துக்காரர். செயலாளருக்கு ஒரே சந்தோஷம்.

"பூரா ப்ரிலூடாவே கீதுமா. ஆறு மாசத்துக்குக் கவலயில்ல."

நானும் நம்பினேன். அவை எதற்கும் முன்னால் வராத ப்ரிலூட்கள், தனியே நிற்கும் குட்டிக் குட்டி இசைகள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஞானப்பாட்டுகள்தான். துருப்பிடித்த என் விரல்களுக்கு அடங்குவதாக ஒன்றைப் பொறுக்கினேன். ஒரே பக்கம். இடது கை மெதுவாக, ஒரே மாதிரி அமுக்கிக்கொண்டே இருக்கும். வலது கை ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் கீழே இறங்கும்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல் சந்தை இரைச்சல். இரண்டு வரி வாசித்திருக்க மாட்டேன், முன்பெஞ்சு அம்மாள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"இன்னாமா, யாரு பூட்டாங்க? நேத்துகூட யாரும் சொல்லலியே."

அவ்வளவுதான். அந்தக் கேள்வி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. போகப் போகப் பேச்சு அடங்கியது. இறந்தவர் என்று யார் பெயரை அறிவிக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போச்சு, பியானோ போச்சு என்று நினைத்தேன். ஆத்திரத்தில் ஓரிடத்தில் ஓங்கியே அடித்துவிட்டேன். பிறகு பார்த்தால் புத்தகத்திலும் அங்கே அப்படித்தான் வாசிக்கச் சொல்லியிருந்தது. கடைசியில் மூன்று முறை மெல்ல அமுக்கி முடித்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாஸ்டர் உள்ளறையிலிருந்து வந்து, கொஞ்சம் திகைத்து நின்று, ஜெபத்தைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். என் கணவர் சைக்கிளை எடுக்கப் போனார். செயலாளர் நேராக என்னிடம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நானே முந்திக்கொண்டேன்.

"வித்துடுங்க சார்."

"இருமா. இத்தினி வருஷமா நானும் கையத் தட்டிப் பாத்தேன், மைக்குல கத்திப் பாத்தேன். ஒருநாளும் இந்த ஜனங்க வாய மூடினதில்ல. இன்னிக்கி பாஸ்டரே பயந்துட்டாரு." சிரித்துவிட்டார். "அடுத்த வாரமும் சாவுப் பாட்டே வாசி. பழகிப்பாங்க."

பியானோ மூடியின் சாவியைத் தன் வளையத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார். மாமியார் வீட்டு பீரோ சாவிகூட அதுவரை என் கைக்கு வந்ததில்லை. விரல்களை இறுக மூடிக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறினேன்.

"விழுந்துடப் போற, ரெண்டு கையாலயும் புடி" என்றார் கணவர்.

"முடியாது" என்றேன்.