டிஸ்பென்சறிக்கு வராத கால்

மருந்து கலக்கிறவனுக்குக் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்பதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. கலியாணம் கட்டி, கதவைச் சாத்தி, பிறகு வந்த எரிவை ஆரிடம் சொல்வதென்று முழித்த சகபாடிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறுபதுகளில் புங்குடுதீவில் ஒரு சின்ன டிஸ்பென்சறியின் யன்னலுக்கு உள்ளே நின்றவன் நான். சனம் வெறும் போத்தலோடு வரும், நான் நிரப்பிக் கொடுப்பேன். சொல்லப்போவதில் பாதி மெய். மற்றப் பாதி அதைவிட மெய்.

வாங்கு சொன்ன சேதி

எங்கள் தீவு ஆம்பிளைகளில் கனபேர் கொழும்பிலும் காலியிலும் கடை வைத்திருந்தார்கள். மாதக்கணக்காகக் கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே படுத்து, சித்திரை வருஷத்துக்குத்தான் ஊர் திரும்புவார்கள். லீவு சொற்பம். வருஷம் முழுக்கப் பிடித்த விரதத்தை அந்த லீவுக்குள் முறிக்கிற அவசரம். அடுத்த கிழமை டிஸ்பென்சறி வாசலில் பெண்கள் கூட்டம். எல்லாருக்கும் கால் நோ. ஆனால் கால் நோகிறவள் வாசலில் கிடக்கிற வாங்குப் பலகையைக் கண்டால் குந்தி இருக்கவேண்டுமல்லவா? இவர்கள் இருக்கமாட்டார்கள், நிற்பார்கள். ஒரு வருஷம் தன்னில் குந்த ஆளில்லாத கவலையில் அந்த வாங்கு தானாக எழும்பி முற்றத்துக்குப் போனதை என் கண்ணால் கண்டேன்.

அப்படி நின்ற ஒருத்தியிடம், "மனிசன் எப்ப வந்தவர்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அவர் வந்ததை நான் இன்னும் மாமி வீட்டுக்கே சொல்லேல்லை, உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது?"

கசக்கிற குளிசை

எல்லா எரிவும் அவசரத்தால் வருவதில்லை. ஒருத்திக்கு எரிவோடு நாற்றமாக வெள்ளையும் பட்டது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே சோதித்த டொக்டர் புருஷனுக்கும் சேர்த்துக் குளிசை எழுதிவிட்டார். கிருமி இரண்டு பேரிடமும் இருக்கலாம். ஒருத்தரைச் சுகப்படுத்தினால் மற்றவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். புருஷனோ யன்னலைப் பிடித்துக்கொண்டு, "நோ அவவுக்கு, குளிசை எனக்கோ? இதென்ன ஞாயம்?" என்று கத்தினார். கூரையில் இருந்த காகங்கள் நயினாதீவுக்கு இடம்பெயர்ந்தன.

அவர் கண்ணை மூடி விழுங்கும்வரை பெண்சாதி பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாள்: "அண்ணை, இதிலை இன்னும் கொஞ்சம் பெரிசாய், கசப்பாய் இல்லையோ?"

உரசல்

செல்லம்மா அக்காவின் மகள் பூமணிக்கு ஒரு வருஷம் வைகாசியில் கலியாணம். மாப்பிள்ளை சிவலிங்கம், காலியில் கடை. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து இருந்தார். தாலி கட்டின மஞ்சள் மங்கமுன்னம் செல்லம்மா அக்கா போத்தலோடு வந்து நின்றா. "தம்பி, பிள்ளை கிணத்தடியிலை வழுக்கிப்போட்டாள். காலிலை உரசல். கழுவ மருந்து தாரும்." கால் உரசலுக்குக் கிருமி கொல்லுகிற மருந்துதான் கொடுப்பது. கொடுத்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே திரும்பவும் வந்தா. எரிவு கூடிவிட்டதாம். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் பார்த்தாச்சாம், உப்புத் தண்ணி, வேப்பிலை அவித்த தண்ணி எல்லாம் பார்த்தாச்சாம். இன்னும் கடுமையான மருந்து வேண்டுமாம். இதென்ன அதிசயக் கால் என்று, "ஒருக்காக் காலைக் கொண்டுவந்து காட்டுங்கோ அக்கா" என்றேன். அவ நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னா: "கால் வீட்டிலை நிக்குது தம்பி, அது வெளியிலை வராது."

திரேசம்மா அக்காவின் சைக்கிள்

எங்கள் பகுதியில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது திரேசம்மா அக்கா ஊர்காவற்றுறைக்காரி. சைக்கிளில் வருவா. அவ குரலுக்கு மணி தேவையில்லை. அவ அடுத்த தீவு வேலணையில் இருமினால் எங்கள் மடத்துவெளியில் மாடு ஒதுங்கும். அவவிடம் இந்தக் காலைப்பற்றிச் சொன்னேன். செல்லம்மா அக்கா வீட்டுக்குப் போனவ கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினா.

"காலுக்கு நல்ல மருந்துதான் குடுத்தனீர் தம்பி. ஆனால் அது போன இடம் கால் இல்லை."

பூமணி அழுதுகொண்டே அவவிடம் கேட்டாளாம்: "அக்கா, நான் குடும்பம் நடத்தத் தகாதவளோ?" தாயோடு போய்ப் படுத்துவிட்டாளாம். தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை சூட்கேசை அடுக்கிவிட்டார். மத்தியானப் பஸ்ஸில் போகப்போகிறார். இந்தக் கோபத்தோடு போனால் இனித் திரும்பி வரமாட்டார் என்று வீட்டில் அடுப்பும் மூட்டவில்லையாம்.

"பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பயம், அவருக்கு அவசரம், உடம்பு ஈரம் காணமுன்னம் தோல் உரஞ்சுபோச்சு. அது தானாய் ஆறியிருக்கும். தாய் விட்டால்தானே? குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கியிருக்கிறா! மருந்து, சவர்க்காரம், உப்பு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன். வெறும் பச்சைத்தண்ணி, எரிஞ்சால் குளிர்ந்த ஈரத்துணி, இறுக்கமில்லாத பருத்திச் சீலை. நல்லா ஆறும்வரைக்கும் அவர் கிட்டப் போகக்கூடாது. பிறகும் ஆறுதலாய், அவளுக்கு மனம் வந்தால்தான். வேணுமெண்டால் கொஞ்சம் தேங்காயெண்ணெய். ரத்தம் பட்டால், சலம் கழிக்கேக்கை எரிஞ்சால், ஆறாமல் இழுத்தால் ஆஸ்பத்திரி."

"இதை மாப்பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

அவ ஏற்கெனவே சைக்கிளில் ஏறிவிட்டா. "நீர்தான்! கிணறு ஊறமுன்னம் வாளியை விட்டால் கயிறுதான் தேயும் எண்டு சொல்லும். தீவான்தானே, விளங்கும்."

பஸ் வந்தது

பஸ் நிற்கிற இடம் டிஸ்பென்சறிக்கு நேர் எதிர். சூட்கேசோடு சிவலிங்கம் நின்றார். கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"தலையிடி ஒண்டும் இல்லை அண்ணை" என்றார், கேளாமலே.

"உமக்கில்லை. உம்மடை மனிசிக்கு நோ."

"என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புறா. பிடிக்காதவளோடை ஏன் மல்லுக்கட்டுவான்?"

"பிடிக்காமல் இல்லை ஐசே, எரியுது!" என்றேன். என் குரலும் திரேசம்மா அக்காவின் குரல்போல் ஆகிவிட்டது. வாங்கில் இருந்த கிழவர் விறுக்கென்று எழும்பினார். குரலைத் தணித்து எல்லாவற்றையும் சொன்னேன். உரஞ்சினது, தாய் மினுக்கினது, பூமணி தன்னைத் தகாதவள் என்று அழுதது. கிணற்றுக் கதையையும் சொன்னேன்.

மனிதர் சூட்கேசைக் கீழே வைத்தார். காது சிவந்தது. பஸ் வந்து நின்றது. கொண்டக்டர், "சூட்கேசு, ஏறுறீரோ இல்லையோ?" என்று கத்தினான். சிவலிங்கம் பஸ்ஸையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் சூட்கேசைத் தூக்கினார்.

"தனக்கு நோகுதெண்டு அவ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றவர் தானே மறுமொழியும் சொன்னார்: "நான் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அடுத்த சித்திரை

வருஷம் பிறந்தது. வழக்கம்போல வாங்கு வெறுமை, பெண்கள் நின்ற நிலையில், எல்லாருக்கும் கால் நோ. வரிசையில் பூமணி வந்தாள், பின்னால் சிவலிங்கம் குடையும் போத்தலுமாக. செல்லம்மா அக்காவைக் காணவில்லை.

"காலோ?" என்று கேட்டேன், முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

வரிசை முழுக்கக் காதைத் தீட்டியது. பூமணி திரும்பி அவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரேசம்மா அக்காவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "காலுமில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்குமில்லை. எனக்குத்தான் நோ அண்ணை, அக்கா எப்ப வருவா?"

அரை ஆயுள் மருந்து கலக்கி நான் கண்டது இவ்வளவுதான்: எங்கள் தீவில் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாய் நொந்தது கால்தான், ஆனால் அப்படி நொந்த ஒரு காலையாவது நான் கண்ணால் கண்டதில்லை.